மயில்சாமி அண்ணன் பஸ்ஸுக்கு ஒரு ஏர் பிரஷ்

ஏப்ரல் 3

நெஞ்சு ஆஸ்பத்திரி நர்ஸம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். தினமும் காலையில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு குழாயில் ஊத வேண்டும். அதில் ஒரு முள் ஓடி நிற்கும். பச்சையில் நின்றால் நல்லது. மஞ்சளில் நின்றால் கவனமாக இருக்க வேண்டும். சிவப்பில் நின்றால் எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். எந்த நிறம் வந்தது, அன்றைக்கு என்ன செய்தார், என்ன வாசனை பிடித்தார், எல்லாவற்றையும் எழுதி அடுத்த தடவை வரும்போது காட்ட வேண்டுமாம்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கக்கா?" என்று கேட்டார்.

"அஞ்சாவதுங்க. அதுவும் வாத்தியார் நல்ல மனுசன், அதனால அஞ்சாவது" என்றேன்.

நர்ஸம்மா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. மூச்சு வாங்குகிறவருக்குச் சிரிப்பும் ஒரு செலவு.

டைரி போன வருஷத்தது. பைனான்ஸ்காரர்கள் கொடுத்தது. தேதி சரியாக இருக்கிறது, கிழமைதான் பொய் சொல்கிறது. கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

இன்று மஞ்சள்.

ஏப்ரல் 4

மஞ்சள். பச்சைக்குப் பக்கத்து வீட்டு மஞ்சள்.

ஏப்ரல் 6

இன்று எனக்கு கம்பெனி லீவு. மேஜை விரிப்பு, சமையல்கட்டுத் துண்டு எல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. நான் அங்கே செக்கிங். ஒரு நூல் பிசிறு இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். அங்கே என் கண் அப்படி.

இவர் பெயர் நாச்சிமுத்து. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். இப்போது இல்லை, ஆனால் யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வார். பஸ்ஸுக்கு அடிக்கிற பெயிண்ட்டில் ஹார்ட்னர் என்று ஒன்றைக் கலப்பார்கள். கலந்தால்தான் காய்ந்ததும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். இவர் அடித்த பஸ்ஸில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அந்த ஹார்ட்னர்தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. போன தீபாவளி நெருக்கத்தில், பாதி அடித்த பஸ்ஸுக்குள்ளேயே மூச்சு முட்டி விழுந்துவிட்டார். இனிமேல் பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். முன்னாலும் அதிகம் பேசமாட்டார். நான் பேசுவேன், அவர் கேட்பார், அதுதான் எங்கள் குடும்பம். இப்போது கேட்பதும் நின்றது. என் கிண்டலையெல்லாம் அவர் முதுகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, பிளேடும் சன்போர்டும் வேண்டும் என்றார். பிளக்ஸ் கடையில் கிடைக்குமே, அந்த அட்டை. வாங்கி வந்தேன். முழங்கை நீளத்துக்கு ஒரு பஸ் செய்தார். ஜன்னல், படிக்கட்டு, டிரைவர் சீட்டு, மேலே லக்கேஜ் கம்பி, எல்லாம். அதைப் பார்த்துத்தான் மயில்சாமி அண்ணன் கேட்டார். தாராபுரம் ரூட்டில் 'செவ்வந்தி' பஸ் ஓட்டுகிறவர். இந்த மே மாதக் கடைசியோடு வண்டியை விட்டு இறங்குகிறார். தன் பஸ்ஸையே பொம்மையாக வீட்டில் வைக்க வேண்டும் என்று ஆசை. அந்த நிஜ பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்ததும் இவர்தான்.

பஸ் செய்தாகிவிட்டது. நிறம்தான் வரவில்லை. செவ்வந்தி பஸ் கீழே மயில்கழுத்து நீலமாகத் தொடங்கி மேலே போகப் போக வெளுத்து வெள்ளையாகிவிடும்.

"பிரஷ்ஷுல அடிச்சா கோடு விழுது. ஸ்ப்ரே டப்பால அடிச்சா ஒழுகுது. ஏர் பிரஷ்ஷு ஒண்ணு வேணும் புள்ள" என்றார்.

"அதென்னங்க அது?"

"பேனா மாதிரி இருக்கும். காத்துல பெயிண்ட்டு வரும். நம்ம ஸ்ப்ரே கன்னோட குழந்தைன்னு வெச்சுக்க."

"நம்ம பொண்ணை ஓசூருல கட்டிக் குடுத்து நாலு வருசமாச்சு, ஒரு விசேசத்தையும் காணோம். உங்க கன்னுக்கு அதுக்குள்ள குழந்தையே வந்துருச்சாக்கும்."

சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலானது. இருமல் இன்ஹேலரில் போய் நின்றது. ஆனாலும் சிரித்தார் என்பதை எழுதுகிறேன்.

மஞ்சள்.

ஏப்ரல் 10

ஆஸ்பத்திரி. இவர் கேட்கமாட்டார் என்று தெரியும், நானே கேட்டேன்.

"டாக்டரம்மா, இவருக்கு விளையாட்டுச் சாமான் ஒண்ணு வேணுமாமுங்க. சின்னதா, காத்துல பெயிண்ட்டு அடிக்கறது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஹார்ட்னர் போட்ட பெயிண்ட்டா?"

"ஐயோ இல்லீங்க. தண்ணி பெயிண்ட்டு."

"ஹார்ட்னர் ஒரு சொட்டுகூடக் கூடாது. தின்னரும் கூடாது. உங்க உடம்பு அதை ஞாபகம் வெச்சிருக்கு ஐயா, அடுத்த தடவை இதைவிடப் பெரிசா வரும். தண்ணி பெயிண்ட்டும் காத்துல பறந்து உள்ள போறதுதான். மாஸ்க்கு, திறந்த ஜன்னல், இது ரெண்டும் இல்லாம தொடவே கூடாது. என்னைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

வெளியே வந்ததும் இவர், "வேண்டாம்னுட்டாங்க" என்றார்.

"மாஸ்க்கும் ஜன்னலும் இருந்தா ஆகும்னாங்க" என்றேன் நான்.

ஒரே டாக்டர், ஒரே பேச்சு. ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஏப்ரல் 11

மஞ்சள். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டார்.

"அந்தச் சுவத்துக்கும் ஒரு டம்ளர் ஊத்தட்டுங்களா? எந்நேரமும் உங்ககூடவே இருக்குது, பாவம்" என்றேன்.

முதுகு அசையவில்லை.

புது மிக்ஸி வாங்க வைத்திருந்த பணம் பீரோவில் இருக்கிறது. பழைய மிக்ஸி கத்துகிறதே தவிர அரைக்காமல் இல்லை.

மஞ்சள்.

ஏப்ரல் 20

கோயம்புத்தூர் போய் வந்தேன். ஓவியச் சாமான் விற்கும் கடை. உள்ளே கோயில் மாதிரி ஏ.சி. ஜில்லென்று இருந்தது. ஒரு பெண் வந்தாள். சட்டையில் ஜெர்லின் என்று பெயர் குத்தியிருந்தது.

"சொல்லுங்கக்கா, ஏர் பிரஷ் யாருக்கு?"

நெஞ்சு சரியில்லாத ஆளுக்கு என்று சொன்னால் விற்கமாட்டாள் என்று தோன்றியது. "எனக்குத்தான் கண்ணு" என்றேன்.

வெல்வெட் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், நகைக்கடை மாதிரி. "இதுல அமுக்கினா காத்தும் பெயிண்ட்டும் சேர்ந்தே வந்துரும். சிங்கிள் ஆக்‌ஷன். இது டபுள் ஆக்‌ஷன். அமுக்கினா காத்து, பின்னாடி இழுத்தா பெயிண்ட்டு. எவ்வளவு இழுக்கறீங்களோ அவ்வளவுதான் வரும். கொஞ்சங்கொஞ்சமா ஷேடு வேணும்னா இதுதான் நல்லது."

"ரெண்டு வேலை பாக்கறதையே குடு. எங்க வீட்டுல ஒத்தை வேலை பாக்கறவங்களுக்குச் சோறில்ல."

அவளுக்குச் சிரிப்பு. பெயிண்ட் ஊற்றும் கிண்ணம் சிலதில் மேலே இருக்கிறது, சிலதில் பாட்டிலாகக் கீழே தொங்குகிறது. மேலே கிண்ணம் இருந்தால் நாலு சொட்டு ஊற்றினாலே வேலை நடக்குமாம். அதை எடுத்துக்கொண்டேன். கடைசியாக ஓட்டை.

"பெயிண்ட்டு வெளிய வர்ற முனை. பாயிண்ட் டூ, பாயிண்ட் த்ரீ, பாயிண்ட் ஃபைவ்னு இருக்கு. முதல் தடவை வாங்கறவங்க பாயிண்ட் த்ரீதான் எடுப்பாங்க. எல்லாப் பெயிண்ட்டும் ஓடும், மெல்லிசாவும் வரையலாம்."

நான் யோசித்தேன். ஓட்டை சின்னதாக இருந்தால் வருகிற புகையும் கொஞ்சம்தானே. கொஞ்சம் வந்தால் நெஞ்சுக்குள் போவதும் கொஞ்சம்தானே. எண்ணெய் டின்னில் எவ்வளவு சின்ன ஓட்டை போடுகிறோமோ அவ்வளவு நாளைக்கு எண்ணெய் வரும். இது தெரியாமலா குடும்பம் நடத்துகிறேன்.

"இருக்கறதுலயே சின்ன ஓட்டை எதுவோ அதைக் குடு."

"பாயிண்ட் டூவா? அவ்வளவு சின்னதுல என்ன பண்ணப் போறீங்கக்கா?"

"புருவம் வரையத்தான். இந்த வயசுல மை வெச்சா கை கோணிக்குது."

அவள் என் புருவத்தை உற்றுப் பார்த்தாள். "மேக்கப்புக்கா? அப்ப சரிதான். அந்த மேக்கப்பு தண்ணி மாதிரி இருக்கும், பாயிண்ட் டூவுல நல்லா வரும். கல்யாண மேக்கப் பண்றவங்க நிறையப் பேரு வாங்கறாங்க."

சும்மா சொன்னேன் கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பில் போடப் போய்விட்டாள். சின்ன கம்ப்ரஸரும் ஒரு நல்ல மாஸ்க்கும் சேர்த்து வாங்கினேன். தண்ணி பெயிண்ட் கரூரிலேயே கிடைக்கும்.

நிறம் பார்க்கவில்லை. நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 21

பெட்டியைப் பிரித்ததும் நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார். அவர் கையில் அது பல்குச்சி மாதிரி இருந்தது.

"டபுள் ஆக்‌ஷன். மேல கிண்ணம். யாரு புள்ள சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"நானா பார்த்து எடுத்தது. செக்கிங்குல இருக்கறவ நானு."

பின்கட்டு அறையில் ஜன்னலைத் திறந்து, மாஸ்க்கைப் போட்டுவிட்டு, பழைய பேப்பரில் அடித்துப் பார்த்தார். அமுக்கி, மெதுவாக இழுத்தார். பேப்பரில் ஒரு நீலக் கோடு, தலைமுடி கனத்தில். இவர் தோள்பட்டை இறங்கியதைப் பார்த்தேன். தீபாவளியிலிருந்து அது காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"தண்ணி பெயிண்ட்டு சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்குது" என்று ஒரு குறை சொன்னார். குறை சொன்னால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்.

மஞ்சள். சிரித்துக்கொண்டே ஊதினார், அதனால் குறைந்திருக்கும்.

ஏப்ரல் 25

கம்பெனியிலிருந்து வந்து பார்த்தால் மனுஷன் தரையில் தவழ்கிறார்.

"என்னத்தைங்க தேடறீங்க, தொலைஞ்ச புத்தியையா?"

"நடக்காத புள்ள. அப்படியே நில்லு. முனை உழுந்துருச்சு."

பெயிண்ட் அடைத்துக்கொண்டதாம். கழற்றிச் சுத்தம் செய்யும்போது தெறித்துவிட்டது. கடுகு அளவு பித்தளை. நானும் தவழ்ந்தேன். போன் டார்ச்சு அடித்துக் கட்டிலுக்கு அடியில், கதவிடுக்கில், எல்லாம் தேடினோம். கடைசியில் அவர் லுங்கி மடிப்பில் இருந்தது.

"நல்லவேளை, லுங்கியை உதறாம இருந்தீங்க" என்றேன்.

"உதறியிருந்தா நீ வேற எதையாவது சொல்லியிருப்ப."

கல்யாணமான புதிதில் பேசுகிற பேச்சு. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மஞ்சள்.

ஏப்ரல் 28

மறுபடி அடைப்பு. இந்த வெயிலில் தண்ணி பெயிண்ட் முனையிலேயே காய்ந்துவிடுகிறது. இரண்டு தடவை அடித்தால் ஒரு தடவை கழற்ற வேண்டியிருக்கிறது. பஸ்ஸின் ஒரு பக்கத்தில் துப்பினது மாதிரி நீலப் புள்ளிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டார்.

"இந்த ஓட்டைக்கு இந்தப் பெயிண்ட்டு ஆகாது. பாயிண்ட் த்ரீ வாங்கியிருக்கோணும். யாரு உன்னை இதை எடுக்கச் சொன்னது?"

"அந்தக் கடைப் புள்ளதானுங்க எடுத்துக் குடுத்தா."

"அவளுக்கு என்ன தெரியும்" என்றார்.

ஊசியும் முனையும் தனியாக விற்குமாம். ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருகிறேன் என்றேன். கம்பெனியில் ஷிப்மெண்ட், இந்த ஞாயிறு ஓவர்டைம் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்கலாம்.

மஞ்சள்.

மே 3

மயில்சாமி அண்ணன் வந்தார். காக்கிச் சட்டையோடேயே வருவார், அவர் மீசையும் ஒரு யூனிபாரம்தான்.

"என்ன அம்மிணி, என்ற வண்டி எஃப்சிக்கு ரெடியா?"

"பெயிண்ட்டர் லேட்டுங்கண்ணா. ஆளை மாத்துங்க."

"அவனை மாத்துனா அப்புறம் அது என்ற வண்டியா?"

உள்ளே போய் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டறைப் பெயிண்டர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டி அடித்து முடித்ததும் மிச்சப் பெயிண்ட்டைப் பாட்டிலில் ஊற்றி வண்டி நம்பர் எழுதி வைப்பார்கள். பின்னால் எங்கேயாவது உரசிக்கொண்டு வந்தால் அதே பாட்டிலிலிருந்துதான் எடுத்து அடிப்பார்கள். வேறு டின்னில் என்னதான் கலந்தாலும் அந்த வண்டியின் நிறம் ஆகாது என்பார்கள். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மயில்சாமி அண்ணன் வரும்போது கையில் ஒரு மஞ்சப்பை இருந்தது. போகும்போது கையை வீசிக்கொண்டு போனார்.

நான் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மஞ்சள்.

மே 5

வேலை முடிந்து வந்தேன். பின்கட்டு அறைக் கதவு சாத்தியிருந்தது. காற்று அடித்தால் பெயிண்ட் சிதறுகிறதாம், அதனால் ஜன்னலையும் கொஞ்சம் ஒருக்களித்திருந்தார்.

பஸ்ஸின் டிரைவர் பக்கம் முடிந்துவிட்டது. எப்போதும் டிரைவர் பக்கத்தைத்தான் முதலில் அடிப்பார். ஏறுகிற ஜனங்கள் பார்ப்பது படிக்கட்டுப் பக்கம், தப்பு வந்தாலும் இந்தப் பக்கத்தோடு போகட்டும் என்று. தப்பே இல்லை. கீழே ஆழமான நீலம், மேலே வர வர எங்கே முடிந்தது என்று தெரியாமல் வெள்ளை. குனிந்தேன். என் முகம் தெரிந்தது. மூக்குத்தி உட்பட.

"அடைப்பு எப்படிங்க நின்னுச்சு?"

"தண்ணி கொஞ்சம் எச்சா ஊத்துனேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ராத்திரி நாலு தோசை சாப்பிட்டார். அஞ்சாவது வேண்டுமா என்று கேட்டதற்குத் தட்டைப் பார்த்தார், அதனால் ஊற்றினேன்.

வீட்டில் ஒரு மாதிரி வாசனை. பக்கத்து வீட்டுப் பெண் நகப்பூச்சு போட்டிருப்பாள்.

காலையில் ஊத மறந்துவிட்டோம்.

மே 6

ஊதவில்லை. அவசரமாகக் கிளம்பிவிட்டேன்.

மே 8

சிவப்பும் மஞ்சளும் சேருகிற இடத்தில் நின்றது. சிவப்போடு மஞ்சள் சேர்ந்தால் ஆரஞ்சு என்று இவரே சொல்வார். ஆரஞ்சு என்று எழுதுகிறேன்.

"வெயில் புள்ள, அதான்" என்றார். வெயிலும் கடுமையாகத்தான் இருக்கிறது.

மே 9

ஆரஞ்சு. விடியற்காலையில் உட்கார்ந்தபடியே தூங்கினார். டிரைவர் பக்கத்துக்கு இன்னொரு பூச்சு அடித்தாராம். அவர் சட்டையைத் துவைத்தேன். முப்பது வருஷம் துவைத்த வாசனை. நன்றாக அலசிக் காயப்போட்டேன்.

ஓசூரிலிருந்து பெண் போன் பண்ணினாள். "அப்பா எப்படி இருக்காரும்மா?" "நாலு தோசை சாப்பிடறார்" என்றேன்.

மே 11

ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கோயம்புத்தூர் போனேன். ஜெர்லினுக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"மேக்கப் எப்படிங்கக்கா வருது?"

"கண்ணு, அது எனக்கில்ல. எங்க வீட்டுக்காரரு பொம்மை பஸ்ஸுக்கு அடிக்கறார். தண்ணி பெயிண்ட்டு. அடைச்சுக்குதுன்னு பாயிண்ட் த்ரீ கேட்டாரு."

"ஐயோ, முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா. பாயிண்ட் டூவுல தண்ணி பெயிண்ட்டு ஓட்டறது கஷ்டம். இப்ப எப்படிச் சமாளிக்கறாரு?"

"இப்பல்லாம் நல்லா வருது. கண்ணாடி மாதிரி."

அவள் கை நின்றது. "தண்ணி பெயிண்ட்டுல கண்ணாடி மாதிரி வராதேக்கா. தின்னர் பெயிண்ட்டுதான் அந்த ஓட்டையில அப்படி வழுக்கிட்டு வரும். அவரு என்ன கலக்கறாரு?"

"தண்ணிதான்" என்றேன். "தண்ணிதான்னு சொன்னாரு."

ஊசியையும் முனையையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அதற்கேற்ற தண்ணி பெயிண்ட்டும், காயாமல் இருக்க அதில் விடும் ஒரு சொட்டு மருந்தும் கொடுத்தாள். பஸ்ஸில் அந்த டப்பாவைக் கைக்குள்ளேயே வைத்திருந்தேன். வண்டி எல்லா ஊரிலும் நின்றது.

வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தலையை முன்னால் நீட்டி. உதடு நீலமாக இருந்தது. பேச முடியவில்லை. கையால் ஒன்றுமில்லை என்று காட்டினார்.

மே 12

ஆஸ்பத்திரி. முகத்தில் மாஸ்க், குழாய்.

நர்ஸம்மா டைரியைக் கேட்டார். கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"ஆரஞ்சுன்னு ஒண்ணு இல்லையேக்கா" என்றார்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மே 14

மயில்சாமி அண்ணன் வார்டு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. "அதே பெயிண்ட்டுலதான் அடிக்கோணும்னு கேட்டான் அம்மிணி. பட்டறையில இருந்து என்ற வண்டிப் பாட்டிலை வாங்கிட்டு வந்து குடுத்தேன். கூட அந்த ஹார்ட்னரையும் கேட்டான். பொம்மைக்குத்தானேன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார்.

"பையைப் பார்த்தேனுங்கண்ணா" என்றேன்.



மே 17

வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்னொரு தடவை இப்படி வந்தால் தன் கையில் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார், இவர் முன்னாலேயே. நான் பட்டறைப் பாட்டிலையும் ஹார்ட்னரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஏர் பிரஷ்ஷை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். தினமும் அதற்கு மேலேதான் படியைப் போட்டு அரிசி அள்ள வேண்டும்.

கட்டிலில் படுத்தார். சுவர்ப்பக்கம் திரும்பினார்.

மே 19

பச்சை.

முதல் தடவையாகப் பச்சை. "ஏனுங்க, பச்சை" என்று காட்டினேன். பார்த்துவிட்டுக் குழாயை என் கையில் கொடுத்தார்.

மே 20

பச்சை. சோறு அப்படியே இருக்கிறது.

மே 21

பச்சை. "எங்க வெச்ச?" என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்க்கிறேன். கேட்டால் சண்டை போடலாம். சண்டைக்கு எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். கேட்கவே இல்லை.

மே 22

பச்சை. கஞ்சி அரை டம்ளர். குளிக்கவில்லை. கம்பெனியில் நான் பாஸ் பண்ணின துண்டில் ஓட்டை இருந்ததாம், சூப்பர்வைசர் கொண்டு வந்து காட்டினார். என் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று கேட்டார்.

மே 24

மயில்சாமி அண்ணன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நாச்சிமுத்து, நான் இப்படியே வாங்கிக்கறேன். அடிச்ச பக்கத்தை ஊட்டுப் பக்கமா வெச்சு, வெள்ளைப் பக்கத்தைச் சுவத்தோட ஒட்டி வெச்சுப்போடறேன். யாரு திருப்பிப் பாக்கப் போறாங்க?"

இவர் சுவரைப் பார்த்தே சொன்னார், "படிக்கட்டுப் பக்கம் இல்லாத வண்டியில யாருய்யா ஏறுவாங்க?"

வீட்டுக்கு வந்ததிலிருந்து பேசின முதல் நீளமான பேச்சு. மயில்சாமி அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மே 25

பச்சை.

பெண்ணுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். "அதைத் தூக்கிக் குப்பையில போடும்மா" என்றாள். சரி என்றேன். "அப்பா என்ன பண்றார்?" என்றாள். "மூச்சு விடறார்" என்றேன். "அதுதானம்மா வேணும்" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். அவள் ஓசூரில் இருக்கிறாள். இந்த முதுகை நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 27

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். அரிசியைக் கிளறி எடுத்தேன். தட்டித் துடைத்துக் கட்டிலில் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். பாயிண்ட் த்ரீ டப்பாவையும் பக்கத்தில் வைத்தேன்.

"சின்ன ஓட்டையை எடுத்தது நான்தானுங்க. அந்தப் புள்ள சொல்லுச்சு, நான் கேக்கலை. கொஞ்சமா வந்தா உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சுப்போட்டேன்."

திரும்பினார். டப்பாவைத் திறந்து முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பளபளப்பு வராது புள்ள" என்றார். "ரெண்டு பக்கமும் ரெண்டு வண்டி மாதிரி இருக்கும்."

"இருக்கட்டுமுங்க."

"கண்ணுக்குத் தெரியும்."

"தெரியட்டும். மயில்சாமி அண்ணன் மீசைகூட ஒரு பக்கம் தூக்கிட்டுத்தான் இருக்குது."

அதற்குச் சிரிக்கவில்லை. ஆனால் காலைக் கீழே தொங்கப் போட்டார்.

பின்கட்டு அறையில் ஜன்னலை விரியத் திறந்தேன், கதவையும். மாஸ்க்கின் வாரை நானே இழுத்துக் கட்டினேன், காது சிவக்கும் வரை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "சத்தியம் பண்ணுங்க" என்று கேட்க நினைத்தேன். போன தடவையும் தண்ணிதான் என்றுதான் சொன்னார். கேட்கவில்லை.

இப்போது கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மடியில் டைரி, இடது கையில் இன்ஹேலர். கம்ப்ரஸர் ஓடுகிறது. ஓடும்போது பயமில்லை. நிற்கும்போதுதான் காது நீளுகிறது, இருமல் வருகிறதா என்று. நிற்கிறது. வரவில்லை. ஓடுகிறது.

அவர் முதுகு தெரிகிறது. அதே முதுகுதான், ஆனால் வேலை செய்கிற முதுகு. முழங்கை மெதுவாக வலமிருந்து இடம் போகிறது. வெள்ளைமேல் நீலம் எப்படி விழுகிறது என்று இங்கிருந்து தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம். எனக்குத் தைரியம் இல்லை.

மறுபடி நின்றது.

"புள்ள."

"சொல்லுங்க."

"நீலம் தீர்ந்துருச்சு. அலமாரியில இன்னொரு பாட்டில் இருக்குது, எடு."

எடுத்தேன். ஜெர்லின் கொடுத்ததுதான், கடைப் பெயர் போட்ட சீட்டு ஒட்டியிருக்கிறது. அப்படியும் மூடியைத் திருகி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். மாஸ்க்குக்கு மேலே அவர் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள மோந்து பாக்கற, அதென்ன பாலா?"

"ஆமாங்க. திரிஞ்சு போச்சான்னு பாக்கறேன்."

கையை நீட்டினார். நான் இன்னொரு தடவை மோந்து பார்த்தேன். அவர் நீட்டின கையை மடக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அப்புறம் கொடுத்தேன்.